மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போன மாணவன்



கல்லூரி திறந்த முதல் வாரத்தில் தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் விடுதி வராந்தா, பேருந்து நிறுத்தம், கேண்டீன் என்று எங்கும் ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருக்கும். "எந்த ஊரு நீ?" ஓட்டப்பிடாரம் பக்கம் என்றால், "பக்கம்னா எங்க?" ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால், "ஊருக்குள்ளயா, காலனியா?" மூன்றாவது கேள்வியில் சாதி தெரிந்துவிடும். மருத்துவம், பொறியியல் என்றால் இத்தனை சுற்று வேண்டியதில்லை. "கட்-ஆஃப் எவ்வளவு?" என்ற ஒரு கேள்வியே போதும்.

இந்தக் கேள்விகளுக்குத் தப்பிக்க நம் பிள்ளைகள் சில வழிகளைத் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். தாலுகா தலைநகரின் பெயரை மட்டும் சொல்வார்கள். அப்பா என்ன வேலை என்று கேட்டால் "விவசாயம்" என்று நிறுத்திக்கொள்வார்கள். கல்வி உதவித்தொகைப் படிவம் வாங்க அலுவலகத்துக்கு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போவார்கள். கூட்டாளிகள் வீட்டுக்கு வருகிறேன் என்றால் ஏதாவது சாக்குச் சொல்வார்கள். இதைப் பார்க்கும் ஆசிரியர்கள், "பையன் யாரோடயும் ஒட்ட மாட்டேங்கிறான், தாழ்வு மனப்பான்மை" என்கிறார்கள். ரொம்ப அக்கறை உள்ளவர்கள் கவுன்சலிங்குக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

உயர்கல்வியில் மாணவர்களின் மனநலம் பற்றி இன்று நிறைய கருத்தரங்குகள் நடக்கின்றன. யோகா, நேர மேலாண்மை, தேர்வு பயம் எல்லாம் பேசுகிறார்கள். ஆனால் ஒரு மாணவன் ஏன் தன் ஊரின் பெயரை விழுங்குகிறான் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் மனநல மருத்துவப் புத்தகத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாத்தா சொன்ன கதை

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலை எழுதினார். செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த தாத்தா, கோயம்புத்தூரில் படித்த காலத்தை அதில் சொல்கிறார். ஒரு நூற்றாண்டுக்கும் முந்தைய கதை அது. அங்கே படித்த சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லோரும் பிராமணர்கள். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் அவமதிப்பார்கள் என்று பயந்து, அவர் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். மாலையில் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். சக பிள்ளைகளோடு விளையாட முடியாததை நினைத்து வருந்தியதையும் எழுதியிருக்கிறார்.

மேலே சொன்ன விடுதி மாணவனையும் இவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தாத்தாவுக்கு இருந்தது தாழ்வு மனப்பான்மையா? பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் போய் உட்கார்ந்தவர் அவர். தன்னைத் தாழ்வாக நினைப்பது வேறு. தன்னைத் தாழ்வாக நடத்தப்போகிறவர்களை முன்கூட்டியே அறிந்து விலகி நிற்பது வேறு. இரண்டாவது, அறிவுள்ள ஒரு பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. ஆனால் அதற்கு விலை உண்டு. விளையாட்டு, நட்பு, வகுப்புக்கு முந்தைய அரட்டை, சந்தேகம் கேட்கும் துணிச்சல் எல்லாம் அந்த விலையில் போய்விடும்.

சமூகவியல் படித்தவர்களுக்கு எர்விங் காஃப்மன் 1963இல் எழுதிய 'ஸ்டிக்மா' நூல் நினைவுக்கு வரும். வெளியே தெரியாத, ஆனால் தெரிந்தால் மதிப்பைக் குலைத்துவிடும் ஓர் அடையாளத்தோடு வாழ்கிறவர்கள், யாரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று அவர் விளக்கினார். மற்ற மாணவர்கள் பாடத்தை மட்டும் கவனிக்கும் நேரத்தில், நம் பிள்ளைகள் பாடத்தையும் கவனித்து இந்தக் கணக்கையும் போட வேண்டும். களைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

இது வெறும் கருத்து இல்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமப்புறத்தில் 6, 7ஆம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தி, 2004இல் வெளியிட்டார்கள். வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியை அறிவிக்காதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் ஆதிக்க சாதிப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தீர்த்தார்கள். எல்லோர் முன்னிலும் பெயரோடு சாதியைச் சேர்த்து அறிவித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. அதே மாதிரிப் பிள்ளைகள், அதே புதிர். நடுவில் மாறியது ஓர் அறிவிப்பு மட்டும்தான். "எஸ்.சி. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு" என்று வகுப்பில் சத்தமாகச் சொல்லும் ஆசிரியருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிவதில்லை.

ஆசிரியர் அறையில் ஒரு தண்ணீர்ப் பானை

மாணவன் மட்டும்தான் இதை அனுபவித்தான் என்று நினைக்க வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். மாணவர்கள் அவர் வகுப்பை விரும்பிக் கேட்டார்கள். ஆனால் ஆசிரியர் அறையில் இருந்த பொதுத் தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். பட்டம் பெற்றால், பேராசிரியர் ஆனால், சாதி தன்னால் விலகிவிடும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படுகிறது. அந்தப் பானை அப்படிச் சொல்லவில்லை.

அண்ணல் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் சேர்ந்த சில மாதங்களிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அரசுக்கு ஒரு மனு கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் உயர்கல்விக்கு ஒதுக்கப்பட்டது. 1944இல் தொடங்கிய அந்த உதவித்தொகைத் திட்டம்தான் இன்று நீங்கள் விண்ணப்பிக்கும் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரி, 1950இல் ஔரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் கல்லூரி எனப் பெயர்பெற்ற கல்லூரி என்று கட்டினார். உதவித்தொகை ஒருவரைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே தலைநிமிர்ந்து உட்கார இடம் வேண்டாமா? தமிழ்நாட்டில் அவருக்கு முன்பே சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, பள்ளியும் விடுதியும் நடத்தினார். படிக்கிற இடமும் சாப்பிடுகிற இடமும் தூங்குகிற இடமும் நம்முடையதாக இருந்தால்தான் பிள்ளை பயமில்லாமல் படிப்பான் என்ற அறிவு நம் முன்னோர்களுக்கு அன்றே இருந்தது.

சான்றிதழை எரித்த ஊர்

நம் தூத்துக்குடிக்கு வருவோம். முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய ஊர். இங்கே பெண்களுக்கான தூய மரியன்னை கல்லூரி 1948இலும், வ.உ.சிதம்பரம் கல்லூரி 1951இலும், காமராஜ் கல்லூரி 1966இலும், மீன்வளக் கல்லூரி 1977இலும் வந்தன. 1974இல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. உப்பளத்தில் வாருபலகை பிடித்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், தாமிரபரணிப் பாசனத்தில் நாற்று நட்டவர்கள், நகரத்தைத் துப்புரவு செய்தவர்கள் ஆகியோரின் வீடுகளில் முதல் பட்டதாரிகள் உருவானார்கள். அந்த வீடுகளில் பட்டச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஓட்டப்பிடாரம் தாலுகாவில் கொடியங்குளம் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தால் கொஞ்சம் தலைதூக்கிய தலித் கிராமம். படித்த இளைஞர்கள் உள்ள ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 போலீசார் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், டி.வி., மிக்ஸி, தானியம், பாத்திரம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் நாசம் செய்தார்கள். பாஸ்போர்ட்டையும் படித்த இளைஞர்களின் கல்விச் சான்றிதழ்களையும் எரித்ததாக அன்றைய பத்திரிகைச் செய்திகளும் மனித உரிமை அறிக்கைகளும் பதிவு செய்திருக்கின்றன.

குற்றவாளியைத் தேடி வந்ததாகச் சொன்னவர்களுக்குச் சான்றிதழ் என்ன செய்தது? அடி வாங்கிய உடம்பு ஆறிவிடும். தானியம் அடுத்த போகத்தில் வந்துவிடும். ஆனால் ஒரு தலைமுறை எழுந்து நடந்துவந்ததற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. அதனால்தான் அது எரிந்தது. உயர்கல்வியில் நம் பிள்ளைகள்மீது காட்டப்படும் மனோபாவத்தை ஆராய நினைக்கிறவர்கள் கல்லூரிக்குள் மட்டும் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது. கொடியங்குளத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.

அடுத்த இரண்டு ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் போரிட்ட அவர், ஓட்டப்பிடாரம் பக்கம் கவர்னகிரியைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனதும் அப்போதுதான். ஒரு பேருந்தின் நெற்றியில்கூட நம் பெயரைப் பார்க்கச் சகிக்காத நிலத்தில், அதே பேருந்தில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை தன் ஊரின் பெயரை மறைக்காமல் என்ன செய்வான்? மாரி செல்வராஜ் 2018இல் 'பரியேறும் பெருமாள்' எடுத்தபோது, புளியங்குளத்திலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போகும் பரியனைப் பார்த்து நம் மாவட்டத்துப் பிள்ளைகள் தியேட்டரில் அழுததற்குக் காரணம், அது அவர்களுடைய வகுப்பறையாக இருந்ததுதான்.

"எங்க காலேஜ்ல சாதி இல்ல"

எந்தக் கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றே: "இங்க அப்படி எதுவும் இல்லையே, ஒரு புகார்கூட வந்ததில்லை." மறைந்து படிக்கிறவன் எப்படிப் புகார் கொடுப்பான்? புகார் கொடுக்க வேண்டுமானால் முதலில் தான் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை நாள் எதைக் காப்பாற்றினானோ அதை அவனே அம்பலமாக்க வேண்டும். அதனால் காலியாகக் கிடக்கும் புகார்ப் பதிவேடு சாதி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. பயம் இருக்கிறது என்பதற்குத்தான் பெரும்பாலும் சான்று.

போய் நேரடியாகக் கேட்டபோது என்ன தெரிந்தது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய 2006இல் சுகதேவ் தோராட் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2007இல் அறிக்கை வந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று அம்மாணவர்களில் சுமார் 69 சதவீதம் பேர் சொன்னார்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் மதிப்பீடு நியாயமாக இல்லை என்று சுமார் 84 சதவீதம் பேர் சொன்னார்கள். விடுதியில் அவர்கள் தொல்லை தாங்காமல் ஒதுங்கி ஒதுங்கி, குறிப்பிட்ட தளங்களில் சேர்ந்து வாழ வேண்டியிருந்ததையும் குழு பதிவு செய்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியின் கதை இது.

அதற்குப் பிறகு வந்த பெயர்கள் உங்களுக்குத் தெரியும். 2008இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேலத்துச் செந்தில்குமார். இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போனவருக்கு நெறியாளர்கூட ஒதுக்கப்படவில்லை. 2016 ஜனவரி 17இல் அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா. ஏழு மாத உதவித்தொகை அவருக்குப் பாக்கி இருந்தது. 2017 மார்ச்சில் ஜே.என்.யு.வில் மறுபடியும் சேலத்து மகன் முத்துகிருஷ்ணன். சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றி முகநூலில் எழுதிவிட்டுப் போனார். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி. ஒவ்வொரு முறையும் "மன அழுத்தம்" என்றார்கள். 1897இலேயே எமில் துர்கைம், தற்கொலையைத் தனிமனித மனத்தின் விவகாரமாக மட்டும் பார்க்கக் கூடாது, சமூகம் ஒருவரை எப்படிச் சேர்த்துக்கொள்கிறது, எப்படிக் கைவிடுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நெறியாளர் தராதது, உதவித்தொகையை நிறுத்துவது எல்லாம் கோப்பில் நடப்பவை. கோப்புக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியரும் பயந்தால்

இங்கே ஆசிரியர்களின் நலனையும் பேசியாக வேண்டும். மறைந்து படிக்கும் மாணவனுக்குப் பெரும்பாலும் முதலில் கைகொடுப்பவர் துறையில் இருக்கும் ஒரு தலித் ஆசிரியரோ, சாதி பார்க்காத ஓர் ஆசிரியரோதான். ஆனால் இன்று அரசுக் கல்லூரிகளில் ஏராளமான வகுப்புகளை எடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். 2019இல் யு.ஜி.சி. அவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக அவர்களுக்குக் கிடைத்துவந்தது அதில் பாதியோ, அதற்கும் குறைவோதான். கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. பெயரில் கௌரவம், அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாது. துறைத்தலைவர் முகம் சுளித்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவர், சாதியைச் சொல்லித் திட்டிய மூத்த பேராசிரியருக்கு எதிராக மாணவனுக்குச் சாட்சி சொல்ல வருவாரா? நிரந்தரப் பணியில் இருக்கும் தலித் ஆசிரியருக்கும் "கோட்டாவுல வந்தவர்" என்ற முணுமுணுப்பு ஓய்வு பெறும்வரை தொடர்கிறது. ஆசிரியரின் வேலைப் பாதுகாப்பும் மாணவனின் மனநலமும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. அதனால் கௌரவ விரிவுரையாளர்கள் போராடும்போது மாணவர்கள் கூட நிற்க வேண்டும். அது நம் போராட்டமும்தான்.

இனி என்ன செய்வது

தாத்தாவின் கதையை நான் பாதியில் விட்டுவிட்டேன். மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போன அந்த மாணவன் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல் தெரிந்துவிடக் கூடாது என்று வேகவேகமாக வீட்டுக்கு நடந்தாரோ, அதையே முகப்பில் அச்சடித்து விற்றார். இந்த மாற்றம் கவுன்சலிங்கால் வந்ததில்லை. தனி ஒருவரின் துணிச்சலால் மட்டும் வந்ததும் இல்லை. 1891இலேயே பறையர் மகாஜன சபை உருவாகியிருந்தது. கூட ஆள் இருந்தார்கள். கூட்டம் இருந்ததால் பெயரைச் சொல்ல முடிந்தது.

அதனால் எந்த மாணவரையும் பார்த்து "நீ ஏன் மறைக்கிறாய், தைரியமாகச் சொல்" என்று அதட்டாதீர்கள். சொல்வதா, வேண்டாமா என்பது அவரவர் முடிவு. சொன்னால் நஷ்டம் வராத இடத்தை உருவாக்குவதுதான் நம் வேலை. அதற்குச் சில காரியங்களை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

யு.ஜி.சி. 2012இல் கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகளைப் படியுங்கள். வகுப்பில் மாணவரின் சாதியைச் சொல்வது, இடஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டிடத்திலும் பிரித்து நடத்துவது எல்லாம் அதன்படி பாகுபாடு. சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார், இதுவரை எத்தனை புகார் வந்தது, என்ன முடிவு எடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். அரசுக் கல்லூரிக்கும் அரசு உதவிபெறும் கல்லூரிக்கும் இது பொருந்தும். ரோஹித்தின் தாய் ராதிகாவும் பாயலின் தாய் அபேதாவும் இந்த விதிகளை நிறைவேற்றச் சொல்லி 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்காக அல்ல, நமக்காகப் போனார்கள்.

உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்காமல் தனித்தனியாகத் தகவல் அனுப்பும்படி முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதல் ஆண்டுப் பிள்ளைகளைத் தேடிப் போய், "எந்த ஊரு" என்று கேட்காமல் "சாப்பிட்டியா, ரூம் கெடச்சதா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போட்டியா" என்று கேளுங்கள். வாரம் ஒரு மாலை வாசிப்பு வட்டம் நடத்துங்கள். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். கொடியங்குளம் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

மனம் ரொம்பவும் சோர்ந்துபோனால் 14416 டெலி-மனஸ் எண்ணுக்கோ, 104க்கோ எந்த நேரமும் பேசலாம். உதவி கேட்பதில் வெட்கம் இல்லை. வன்கொடுமைப் புகாருக்கு 14566. இரண்டு எண்ணையும் விடுதிப் பலகையில் எழுதிவையுங்கள். மருத்துவ உதவியும் வேண்டும், நீதியும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்று அண்ணலின் முழக்கத்தைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். கல்லூரிக்குள் இன்று அதிகம் தேவைப்படுவது நடுவில் இருக்கும் சொல். அதை இந்த வாரமே தொடங்குங்கள்.

ஜெய்பீம்.